கோப்பையின் அடிப்பக்கம்

என் மனைவி குளிக்கும்போது கதவைச் சாத்துவதில்லை. ஒரு சாண் இடைவெளி விட்டுவிட்டு, குழாயை அவ்வப்போது நிறுத்தி, "என்னங்க" என்று குரல் கொடுப்பாள். கூடத்தில் இருக்கும் நான் "ம்" சொல்ல வேண்டும். என் "ம்" கொஞ்சம் பிந்தினால் நுரை வழியும் தலை ஒன்று வெளியே எட்டிப் பார்க்கும். கேட்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களுக்கு அப்படி இல்லை.

போன மழைக்காலத்தில் நான் சாகப் பார்த்தேன். எப்படி என்ற கதை யாருக்கும் வேண்டாம். ஏன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை. டாக்டர் கேட்டபோதும் திருதிருவென்று விழித்தேன். பிழைத்துக்கொண்டேன். அதற்காகப் பெரும்பாலான நாட்களில் சந்தோஷப்படவும் செய்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்பி வந்த வீடு பழைய வீடாக இல்லை. மச்சினன் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு வந்து உள்பக்கத் தாழ்ப்பாள்களை எல்லாம் கழற்றி எடுத்துப் போயிருந்தான். மாத்திரைகளும் சமையலறைக் கத்திகளும் அலமாரிக்குள் போயின. அலமாரிச் சாவி அவள் இடுப்புக்குப் போனது. முகம் மழிக்க ஒரு மின்சார மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். அது மழிக்காது, கன்னத்தைத் தடவிக் கொடுக்கும்.

கோபித்துக்கொள்ளவும் எனக்கு வாயில்லை. எந்த முகத்தோடு கோபிப்பது?

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பயிற்சிக் காரில் என் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். ஓட்டப் பழகுகிறவர் தடுமாறினால் நான் மிதிப்பேன், வண்டி நிற்கும். மிதித்த உடனே "நான்தான் மிதிச்சேன்" என்று சொல்லிவிடுவேன். பல ஆசிரியர்கள் சொல்வதில்லை. சொல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? நன்றாக ஓட்டிக்கொண்டிருக்கும்போது வண்டி ஏன் நின்றது என்று புரியாமல், அந்த ஆள் தன் காலையே நம்பாமல் போய்விடுவார். அப்படிப்பட்டவருக்கு எத்தனை மாதம் கற்றுக்கொடுத்தாலும் லைசென்ஸ் கிடைக்காது.

வேலைக்குத் திரும்ப இன்னும் நாளாகும் என்றார் டாக்டர். அதுவரை நாலு பேரோடு உட்கார்ந்து ஏதாவது கைவேலை செய்யட்டும் என்றார். நூலகத்தின் பின்னறையில் வாரம் ஒருமுறை வகுப்பு நடப்பதாக மனைவி விசாரித்து வந்து சேர்த்துவிட்டாள். களிமண் பிசைவார்கள், காகிதம் மடிப்பார்கள் என்று நினைத்திருக்கிறாள். முதல் நாள் வகுப்பு முடிந்து நான் வீட்டுக்கு வந்து தகர டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஒரு சிறிய கல், பலகையில் ஒட்டிய தோல் பட்டை, மரம் செதுக்கும் கத்தி ஒன்று. அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரோடு போனில் வெகுநேரம் பேசினாள். கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. டப்பா அவள் அலமாரியில் இருக்கும். சாயங்காலம் அவளே எடுத்துத் தருவாள், அவளே திரும்ப வாங்கி வைப்பாள். தனியாகச் செதுக்கக் கூடாது, எப்போதும் அவள் குரலுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்க வேண்டும். சம்மதித்தேன்.

வகுப்பை நடத்தியவள் எனக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுக்காரி. தலைமுடியில் எப்போதும் மரத்தூள் இருக்கும். அவளை எல்லோரும் டீச்சர் என்போம், அவள் எங்களை சார், மேடம் என்பாள். நாங்கள் எல்லோரும் கத்துக்குட்டிகள். ஆரம்பத்தில் யாருக்கும் மரம் கிடையாது. கத்தியைக் கூராக்கத் தெரிந்தால்தான் மரம் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

கத்தியின் சாய்வில் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூச வேண்டும். கல்லில் தண்ணீர் விட்டு, அந்தச் சாய்வு முழுதாகப் படியும்படி வைத்துத் தேய்க்க வேண்டும். கறுப்பு எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. விளிம்பு வரை அழிந்தால் சரி, நடுவில் மட்டும் அழிந்தால் கை தூங்குகிறது என்று அர்த்தம். தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் ஒரு பிசிறு எழும். கண்ணுக்குத் தெரியாது, விரலால் குறுக்கே தடவினால் தட்டுப்படும். அப்புறம் தோல் பட்டையில் மெருகேற்றும் பச்சை மெழுகு தடவி, கத்தியைப் பின்பக்கமாக மட்டும் இழுக்க வேண்டும். முன்னால் தள்ளினால் தோல் கிழியும். இழுத்து முடிக்கும்போது மணிக்கட்டைத் தூக்கினால் அதுவரை பட்ட பாடெல்லாம் பாழ்.

"கல்லுல பிசிறு வரணும், தோல்ல பிசிறு போகணும். அவ்வளவுதான் சார் விஷயம்" என்பாள்.

அவ்வளவுதான் விஷயம் என்றாலும் எங்களுக்கு நாக்குத் தள்ளியது. வகுப்பில் ஒரு பல் டாக்டர் இருந்தார். அவர் தீட்டிய கத்தியைப் பார்த்துவிட்டு, அவரிடம் மட்டும் பல்லைக் காட்டக் கூடாது என்று மற்றவர்கள் முடிவு செய்தோம். எனக்கு ஆச்சரியமாகக் கை வந்தது. என் கத்தியை வாங்கி ஒரு துண்டு மரத்தில் இழுத்துப் பார்த்தாள் டீச்சர். சுருள் சத்தமில்லாமல் விழுந்தது. வெட்டிய இடம் மெழுகு போட்டது போல மின்னியது. "உங்களுக்கு மரம் உண்டு சார்" என்றாள். ஒரு கரண்டி செய்யும் அளவுக்கு மரம். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இன்னொருவர் பார்த்தால் சிரித்திருப்பார்.

மறுநாள் சாயங்காலம் கத்தி வெட்டவில்லை.

வெட்டவே இல்லை என்று சொல்ல முடியாது, மரத்தைப் பிறாண்டியது. முந்தின நாள் என்னவோ அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். கல்லை நனைத்து மறுபடியும் தீட்டினேன், பிசிறு வந்தது, தோலில் இழுத்தேன், நன்றாக வெட்டியது. டப்பாவை அவளிடம் கொடுத்துவிட்டுத் தூங்கினேன். அடுத்த நாள் எடுத்தால் மறுபடியும் மொக்கை. இப்படியே நாட்கள் போயின. மணிக்கட்டைத் தூக்குகிறேனோ, தோலில் அழுத்துகிறேனோ, மரம் கெட்டியோ என்று என்னென்னவோ யோசித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே அவள் கேட்பாள்: "இன்னைக்கும் சரியா வரலையா?" பாவமாகக் கேட்பாள். நான் மறுபடியும் கல்லை நனைப்பேன்.

டீச்சரிடம் கொண்டு காட்டினேன். அவள் விளிம்பை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். கூரான விளிம்பு கண்ணுக்குத் தெரியாது, மழுங்கிய விளிம்பில்தான் வெளிச்சம் படிந்து வெள்ளைக் கோடு தெரியும். என் கத்தியில் நுனி முதல் அடிவரை அழகான வெள்ளைக் கோடு.

"வீட்டுல இதால என்ன வெட்டுறீங்க சார்?"

"மரம்தான். நீங்க குடுத்த மரம்."

"மரத்தால மழுங்கினா அங்கங்க மழுங்கும். இது ஸ்கேல் வெச்ச மாதிரி இருக்கு. எதுலயாவது தேய்க்கிறீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன சின்னப் பிள்ளையா, கத்தியைச் சுவரில் தேய்த்து விளையாட? கத்தியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கடுத்த வாரம் வகுப்புக்குப் போகவில்லை.

ஒரு கத்திதானே, இதற்கு என்ன இவ்வளவு என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் எட்டி நின்ற அந்தப் பழைய நினைப்பு மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. உன்னால் எதுவுமே உருப்படாது, தொட்டதெல்லாம் ஒரு ராத்திரி தாங்காது என்றது. அதன் குரல் எனக்குத் தெரியும். நான் பயந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் முதலில் டப்பா போகும், அப்புறம் நான் போவேன், அதே ஆஸ்பத்திரிக்கு.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் அவள் டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். கரண்டியின் கழுத்தைக் குறுக்கிக்கொண்டிருந்தேன். தீட்டிப் பிரயோஜனமில்லை என்ற சலிப்பில் தீட்டவே இல்லை. மழுங்கின கத்தியை அப்படியே மரத்தில் வைத்து அழுத்தினேன். நகரவில்லை. இன்னும் அழுத்தினேன். ஓரிடத்தில் சிக்கிக்கொண்டு நின்ற கத்தி சட்டென்று விடுபட்டுப் பாய்ந்தது. மரத்தைப் பிடித்திருந்த இடது கையில், கட்டைவிரலுக்குக் கீழே, ஆழமாக இறங்கியது.

"என்னங்க."

எனக்குக் குரல் எழவில்லை. ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க!"

ஈரத் தலையோடு ஓடி வந்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. துணியால் என் கையை இறுக்கிச் சுற்றிக்கொண்டே, மிக மெல்லிய குரலில், "ஏங்க? என்ன குறை வெச்சேன்?" என்றாள்.

"கை தவறிடுச்சு" என்றேன். அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை துளியும் இல்லை.

தெருமுனைக் கிளினிக்கில் தையல் போட்டார்கள். தையல் போட்ட நர்ஸ் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, "தானா பட்டதா?" என்று அவளிடம் கேட்டார். அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். என் உடம்பைப் பற்றிய கேள்விக்கு என் வார்த்தை செல்லாது என்று அப்போதுதான் உறைத்தது.

வீடு திரும்பும்போது, அவள் போன் செய்து வரவழைத்திருந்த மச்சினன் வாசலில் நின்றான். அவன் நல்லவன். ஆனால் எதையும் ஸ்க்ரூடிரைவரால் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவன். உள்ளே வந்த வேகத்தில் டப்பாவை எடுத்துத் தன் காரில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தான்.

"போதும் மாமா. விஷப் பரீட்சை வேண்டாம். கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில இருங்க. டாக்டர்கிட்ட பேசிட்டேன், இன்னைக்கே சேர்த்துக்கிறாங்களாம்."

"கத்தி வழுக்கிடுச்சுடா."

"சரி மாமா" என்றான், குழந்தைக்குச் சொல்வது போல. "நான் போய்க் காரைத் திருப்பி நிறுத்துறேன். நீங்க ரெண்டு செட் துணி எடுத்து வைங்க."

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அவள் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். பாத்திரத் தட்டில் அவளுடைய தேநீர்க் கோப்பை கவிழ்ந்திருந்தது. தடித்த வெள்ளைப் பீங்கான். அடியில், பளபளப்பு பூசாத சொரசொரப்பான வளையம். அந்த வளையத்தின் மேல் சாம்பல் நிறத்தில் கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, நெருக்கமாக.

என் கல்லில் நான் தினமும் பார்க்கிற நிறம் அது. இரும்பு தேய்ந்த மை. டீச்சர் சொன்ன ஸ்கேல் கோடு நினைவுக்கு வந்தது. காதெல்லாம் சூடேறியது. கோப்பையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன், கவிழ்த்தபடியே.

"இது என்ன?"

"கப்பு."

"அடியில."

பார்த்தாள். கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். மறைக்கத் தெரியாதவள்.

"எப்பலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து. காலையில நீங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி." கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அம்மா கப்புலதான் கத்தியைத் தீட்டுவாங்க. சாய்ச்சுத் தேய்ச்சா கூர் வரும். நிமித்தித் தேய்ச்சா போயிடும். எனக்கு வேற வழி தெரியலங்க. டாக்டர் குடுன்னாரு, குடுத்தேன். கூரோட குடுக்க மனசு வரல."

"சொல்லியிருக்கலாமே."

"அதை விடுங்க. இப்ப நான் கேக்குறதுக்குச் சொல்லுங்க." சட்டென்று நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர், ஆனால் அழுகை இல்லை, கோபம். "இன்னைக்குக் காலையில கூடத் தேய்ச்சேன். அது வெண்ணெயைக்கூட வெட்டாது. நானே என் விரல்ல வெச்சுப் பார்த்தேன். அந்தக் கத்தியால இவ்வளவு ஆழமா வெட்டணும்னா, நீங்க எவ்வளவு அழுத்தியிருக்கணும்? எவ்வளவு வேணும்னு நெனச்சிருக்கணும்? கை தவறிடுச்சுன்னு என்கிட்டயே சொல்றீங்களே!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கிளினிக்கில் அவள் ஏன் தலைகுனிந்தாள் என்பதும் புரிந்தது. அவளுக்குச் சந்தேகமே இல்லை. கத்தியை மழுங்கடித்தது அவள் கை. அதனால்தான் அது தற்செயலாக வெட்டியிருக்க முடியாது என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம்.

"அது மழுங்கியிருந்ததாலதான் வெட்டுச்சு" என்றேன்.

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"நெஜம். கூரா இருந்தா மெதுவாத் தள்ளினாப் போதும், நிறுத்தின இடத்துல நிக்கும். மழுங்கினா அழுத்தணும். அழுத்தினா பாயும்." கோபம் பாதி போய்விட்டது, மீதி பாதி போகவில்லை. அதையும் சொல்லிவிட்டேன். "நான் மிதிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல நீ? நான் என் கைதான் விளங்காமப் போச்சுன்னு நெனச்சேன். ராத்திரி தீட்டினது மறுநாள் இல்லன்னா, வேற என்னன்னு நெனப்பேன்? அந்தப் பழைய நெனப்பு திரும்ப வந்துச்சு. நேத்துகூட வந்துச்சு."

சொல்லக் கூடாது என்று பூட்டி வைத்திருந்தது வாயிலிருந்து விழுந்துவிட்டது. அவள் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். அவள் என் கட்டுப்போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "காப்பாத்துறேன்னு நெனச்சேங்க" என்றாள்.

மச்சினன் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்தான். "கிளம்பலாமா?"

"அந்த டப்பாவை எடுத்துட்டு வா" என்றாள் அவள்.

"எந்த டப்பா? கத்தி டப்பாவா? அக்கா, உனக்கென்ன பைத்தியமா?"

"இந்த வீட்டுல அந்த வார்த்தையைச் சொல்லாதே. எடுத்துட்டு வா."

முணுமுணுத்துக்கொண்டே கொண்டு வந்தான். கூடத்து மேஜையில் டப்பாவைத் திறந்தோம். முதலில் மழுங்கின கத்தியையே அவள் கையில் கொடுத்தேன். மீதமிருந்த ஒரு மரத்துண்டை மேஜையில் படுக்க வைத்து, விரல்களைப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொல்லி, "தள்ளு" என்றேன். தள்ளினாள், நகரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு பலமாகத் தள்ளினாள். கத்தி மரத்தை விட்டுத் துள்ளி மேஜைப் பலகையில் நீளமாகக் கீறி, மச்சினன் கை வைத்திருந்த இடத்தருகே போய் நின்றது. அவன் நாற்காலியோடு பின்னால் போனான்.

அவள் அந்தக் கீறலைத் தடவிப் பார்த்தாள்.

"தீட்டச் சொல்லிக் குடுங்க" என்றாள் பிறகு.

எனக்கு ஒரு கைதான். அதனால் தீட்டியது அவள், கல்லையும் தோல் பலகையையும் நகராமல் பிடித்துக்கொண்டது மச்சினன். "என்னை இதுக்குத்தான் வரச் சொன்னீங்களா?" என்றான். பிடித்துக்கொண்டுதான் இருந்தான். அவள் மார்க்கர் பூசினாள், கறுப்பு நடுவில் மட்டும் அழிந்தது. "இன்னும் கொஞ்சம் நிமித்து. ரொம்ப இல்ல, அது உன் கப்பு வித்தை." முறைத்தாள். ஆனால் சரியாக நிமிர்த்தினாள். பிசிறு வந்தபோது நான் காட்டாமலே விரலில் கண்டுபிடித்துவிட்டாள். தோலில் இழுக்கும்போது ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டு எழும்பியது. என் நல்ல கையை அவள் மணிக்கட்டின் மேல் வைத்துக்கொண்டேன். அப்புறம் அது எழும்பவில்லை.

கடைசியில் மரத்தில் வைத்தாள். மெல்லத் தள்ளினாள். சுருள் எழுந்து அவள் விரலில் சாய்ந்தது. "நிறுத்து" என்றேன். நிறுத்தினாள். கத்தி அங்கேயே நின்றது.

"நான் மிதிக்கல" என்றேன். "நீதான் நிறுத்தின."

இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போது வந்தது அவளுக்கு. மச்சினன் சுவரில் இருந்த காலண்டரைக் கவனமாகப் படித்தான். அப்புறம் எழுந்து, டாக்டருக்குத் தானே போன் செய்து சொல்லிவிடுவதாகச் சொன்னான். ஆனால் அடுத்த வாரம் அவரைப் பார்க்க நான் வந்தே ஆக வேண்டும் என்றான். அந்தப் பழைய நினைப்பு வந்ததை நானே அவரிடம் சொல்வேன் என்று அவளும் வாக்கு வாங்கிக்கொண்டாள். போய்ச் சொன்னேன். சொன்னதற்கு ஆஸ்பத்திரியில் போடவில்லை. மாத்திரையை மாற்றினார், அடிக்கடி வரச் சொன்னார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். கையில் தையல் பிரித்த பிறகும் டப்பா அலமாரியில்தான் இருந்தது. அவள் எடுத்துக் கொடுப்பாள், உட்கார்ந்து பார்ப்பாள், என் முகத்தையும் கத்தியையும் மாறி மாறிப் பார்ப்பாள். ஆனால் மறுநாள் எடுக்கும்போது கத்தி, முந்தின ராத்திரி நான் வைத்த கூரோடு இருந்தது. கோப்பையின் அடியை அவள் எவ்வளவு தேய்த்தும் அந்தச் சாம்பல் கோடுகள் போகவில்லை. அதிலேயே தேநீர் குடித்தாள்.

நேற்று சாயங்காலம் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பிறகு குளிக்கப் போனாள். கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. மச்சினன் தாழ்ப்பாளை இன்னும் மாட்டித் தரவில்லை, அதனால் சாத்தத்தான் முடியும். சாத்தியிருந்தாள்.

தோலில் கத்தியை இழுத்துவிட்டுக் கரண்டியின் கழுத்தில் வைத்தேன். குழாய் நிற்காமல் ஓடியது. "என்னங்க" வரும் என்று தொண்டையில் "ம்"மோடு காத்திருந்தேன். வரவில்லை. சொல்லப்போனால் எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை நாள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது கூடத்தில் நான் மட்டும், கையில் மயிரை வழிக்கும் கூரில் ஒரு கத்தி. அதை ஒருமுறை மேஜையில் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து நானே எடுத்தேன். சுருள்கள் விழுந்தன. கழுத்துக் குறுகி, கரண்டி கரண்டியாகத் தெரிய ஆரம்பித்தது. குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இவ்வளவு நேரம் குளித்து எத்தனை மாதமாயிற்று!

தண்ணீர் நின்றது.

"என்னங்க!"

"ம்!" என்றேன், தூக்கிவாரிப்போட்டது போல. "இருக்கேன். நல்லா இருக்கேன்."

"அது தெரியும். துண்டை மறந்துட்டேன், எடுத்துக் குடுங்க."

கத்தியைக் கூர் சுவர்ப்பக்கம் இருக்கும்படி வைத்துவிட்டு எழுந்தேன். துண்டு நாற்காலி முதுகில் கிடந்தது. எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.